போடி மலைப்பாதைக்கு எந்த நெற்றி விளக்கு?

குரங்கணி வழியாக டாப் ஸ்டேஷன், சூரியநெல்லி வழியாகக் கொழுக்குமலை, முன்பதிவு கிடைத்தால் மீசப்புலிமலை. தமிழகமும் கேரளமும் தோள் உரசும் இந்தப் பாதைகளில் எட்டு ஆண்டுகளாக நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நடக்கிறேன். புதிதாக வருகிற தம்பிகள் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை லூமென் அண்ணே?" என்பதுதான். விளக்கு தரும் மொத்த ஒளியின் அளவுதான் லூமென். நான் திருப்பிக் கேட்பது வேறு: "உள்ளே என்ன பேட்டரி?"

என்னிடம் நான்கு விளக்குகள் உண்டு. முதலாவது, கம்பம், போடிக் கடைகளில் தோட்டக் காவலுக்கும் இரவில் தண்ணீர் பாய்ச்சுவதற்கும் விற்கும் சாதாரண விளக்கு. முன்னால் பெரிய கண்ணாடி, பின்னந்தலையில் பேட்டரிப் பெட்டி. தராசில் வைத்தேன், 230 கிராம். வரப்பில் நின்றபடி கிணற்றடி வரை பார்க்க இதற்கு நிகர் இல்லை. ஆனால் ஏற்றத்தில் ஒவ்வொரு அடிக்கும் அது புருவத்தை நோக்கி இறங்குகிறது. பட்டையை இறுக்கினால் அரை மணி நேரத்தில் தலை கனக்கிறது. அதன் மிகக் குறைந்த ஒளியே கூடாரத்துக்குள் கண்ணைக் கூசவைக்கும். பெட்டியில் அச்சடித்த லூமென் கணக்கை நான் நம்புவதில்லை.

மற்ற மூன்றும் மலைக்கென்றே செய்தவை: பெட்ஸல் பிந்தி, நைட்கோர் என்யூ25 யூஎல், பெட்ஸல் டிக்கினா. பிந்தி 35 கிராம், 200 லூமென். என்யூ25 யூஎல் பட்டையோடு சேர்த்து 45 கிராம், 400 லூமென். டிக்கினா 300 லூமென். ரிமோட்டில் போடும் மெல்லிய பேட்டரி மூன்றைப் போட்டால் மற்ற இரண்டைப்போல ஏறக்குறைய இரு மடங்கு எடை வரும்.

எண்களை ஒப்பிடும் முன் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். நல்ல நிறுவனங்கள் எஃப்.எல்.1 என்ற அளவுமுறையைப் பின்பற்றுகின்றன. அதில் "எரியும் நேரம்" என்பது, ஒளி தொடக்க அளவின் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரையிலான நேரம். 400 லூமெனில் தொடங்கும் விளக்கு அந்த நேரத்தின் முடிவில் 40 லூமென்தான் தரும். "ஒளி செல்லும் தூரம்" என்பதோ, முழு நிலவின் வெளிச்சம் அளவுக்கு, அதாவது 0.25 லக்ஸ், ஒளி விழும் இடம் வரை. அட்டையில் போட்டிருக்கும் தூரத்தில் ஒரு யானை நின்றால் அதைக் கண்டுகொள்ள முடியும் என்று எண்ணிவிடக் கூடாது. 2023இல் அரிக்கொம்பன் என்ற காட்டு யானை நடமாடிய சின்னக்கானல் இதே மலையில்தான் இருக்கிறது. இங்கே இருட்டில் ஒளியைவிடக் காதுதான் காப்பாற்றும்.

உண்மையில் நடைக்கு எவ்வளவு ஒளி தேவை? தெரிந்த பாதையில் 50, 60 லூமென் போதும். முகாமில் சோறு வடிக்க, பையில் துணி தேட, ஆறு லூமெனே தாராளம். பிந்தி அந்த ஆறு லூமெனில் 50 மணி நேரம் எரியும். 100 லூமெனில் வைத்தால் மூன்றே மணி நேரம்.

மூடுபனி வந்துவிட்டால் கணக்கே மாறிவிடும். ஒரு ஆகஸ்டு மாதம் டாப் ஸ்டேஷனுக்கு அருகே என் விளக்கை முழு ஒளியில் வைத்தேன். எதிரே பாலாடை போல ஒரு வெள்ளைச் சுவர் எழுந்தது. என் கால்களே எனக்குத் தெரியவில்லை. உடன் வந்த தேயிலைத் தோட்டத் தொழிலாளி ஒருவர், "தம்பி, அதைக் கழற்றி இடுப்புக்கு இறக்குங்கள்" என்றார். கையில் பிடித்து, ஒளியைக் குறைத்து, தரையை ஒட்டிக் காட்டினேன். சுவர் மறைந்தது. சேற்றில் ஒவ்வொரு கல்லுக்கும் பின்னால் ஒரு நிழல் நீண்டது. வேரின் மேடும் குழியும் தனித்தனியாகத் தெரிந்தன. நெற்றியில் இருக்கும் ஒளி கண்ணுக்கு மிக அருகிலிருந்து கிளம்புவதால், பனித்துளிகள் அதை நேராகக் கண்ணுக்கே திருப்பி அனுப்புகின்றன. நிழலும் விழாமல் போவதால் பாதை தட்டையாகத் தெரிகிறது. அன்று முதல், சட்டென்று கழற்றிக் கையில் பிடிக்க வசதியாக இருக்கிறதா என்பதையும் பார்க்கிறேன். இதில் டிக்கினாதான் எனக்குப் பிடிக்கும். அகலப் பட்டையைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொள்ளலாம். மற்ற இரண்டின் கயிறும் மெல்லியது, ஈரக் கையில் வழுக்கும்.

சிவப்பு ஒளி பிந்தியிலும் என்யூ25இலும் உண்டு, டிக்கினாவில் இல்லை. இருட்டுக்குக் கண் முழுமையாகப் பழக இருபது, முப்பது நிமிடம் ஆகும்; மங்கலான சிவப்பு அந்தப் பழக்கத்தை அவ்வளவாகக் கெடுப்பதில்லை. கொழுக்குமலையில் நட்சத்திரம் பார்க்கப் போகிறவர்களுக்கு இது பெரிய விஷயம்.

இப்போது பேட்டரிக்கு வருவோம். பிந்தியும் என்யூ25 யூஎல்லும் உள்ளேயே பேட்டரி உள்ளவை. முன்னது 680 மில்லி ஆம்பியர் மணி, பின்னது 650. சிறிய பவர் பேங்க் இருந்தால் பல முறை நிரப்பிக்கொள்ளலாம். என்யூ25 யூஎல்லுக்கு டைப் சி கேபிள், கைபேசிக்கானதே போதும். என்னிடமுள்ள பிந்திக்கு மைக்ரோ யூஎஸ்பி வேண்டும். அதற்கென்று ஒரு கேபிளைச் சுமந்தால் அது மிச்சப்படுத்திய பத்து கிராம் அதிலேயே போய்விடும்.

டிக்கினாவின் பலம், பேட்டரியை மாற்றலாம் என்பது. "எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்குமே" என்பார்கள். கிடைக்கும்தான், ஆனால் எஸ்டேட் கடைகளில் பெரும்பாலும் இருப்பது கடிகாரத்துக்கும் ரிமோட்டுக்கும் ஏற்ற துத்தநாக-கார்பன் வகை. விளக்கு இழுக்கும் மின்சாரத்தை அதனால் தாங்க முடியாது, விரைவில் மங்கிவிடும். போடியிலேயே ஆல்கலைன் வாங்கிக்கொண்டு ஏறுங்கள். மின்னேற்றம் செய்யக்கூடிய 'கோர்' பேட்டரியும் அதற்குப் பொருந்தும், விலைதான் கூடுதல்.

ஓர் இரவு, இரண்டு இரவு என்றால் நான் எடுப்பது என்யூ25 யூஎல். தூசியும் தண்ணீரும் புகாமல் தடுக்கும் அதன் ஐபி66 தரம் நம் மழைக்குப் போதும். பிந்தி என் மனைவியின் பையில் நிரந்தரமாக இருக்கிறது; வீட்டில் மின்சாரம் போனாலும் அதுதான் முதலில் எரியும். ஜூன் முதல் ஆகஸ்டு வரை, மூன்று நாள் தொடர்ந்து நனையப்போகிறோம், பவர் பேங்கே ஈரமாகலாம் என்று தெரிந்தால், எடையைப் பொறுத்துக்கொண்டு டிக்கினா. மாற்றுப் பேட்டரி மூன்றை ரப்பர் போட்டுக் கட்டி, பிளாஸ்டிக் உறையில் வைத்துக்கொள்வேன். ஊர் திரும்பியதும் விளக்கிலிருக்கும் பேட்டரிகளைக் கழற்றிவிட வேண்டும். ஒரு முறை மறந்துவிட்டேன். அடுத்த பருவத்தில் திறந்தபோது வெள்ளைப் பொடி பூத்து, உள்ளிருந்த தகடு பச்சையாக அரித்துப் போயிருந்தது.