ஜெராக்ஸ் கடை மெயின் சுவிட்சும் என் வீட்டு இன்டர்நெட்டும்

மடிப்பாக்கத்துக்குக் குடிவரப்போகிற நண்பன் போன வாரம் கேட்டான்: "போன் லைன் நெட் போடவா, கேபிள்காரர் நெட் போடவா? நீதான் ரெண்டையும் வச்சிருந்தியே." வைத்திருந்தேன்தான். 2008-லிருந்து ஆறு வருஷம் தொலைபேசி லைனிலேயே நெட் வருகிற டிஎஸ்எல், அப்புறம் இந்த 2017 வரை மூன்று வருஷமாகக் கேபிள். ஆனால் அன்றைக்குப் பார்த்து நெட் மறுபடி படுத்திருந்தது, நான் சொன்னதெல்லாம் வசவாகத்தான் வந்தது. இப்போது கொஞ்சம் ஆறியிருக்கிறேன்.

வேகத்தை முதலில் முடித்துவிடலாம். எங்கள் வீட்டிலிருந்து டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்குச் செம்புக் கம்பி போகிற தூரம் சுமார் 3 கிலோமீட்டர். பழைய மோடத்தின் பக்கத்தைத் திறந்தால் அட்டென்யுவேஷன், அதாவது வழியில் சிக்னல் மங்குகிற அளவு, 42 டெசிபெல் என்று காட்டும். ஏடிஎஸ்எல்2+ என்கிற டிஎஸ்எல் வகையில் 24 எம்பிபிஎஸ் வரை வரும் என்பதெல்லாம் எக்ஸ்சேஞ்சுக்கு எதிர்வீட்டுக்காரருக்கு. எனக்கு 8-ஐத் தாண்டியதே இல்லை. கேபிளில் பிளான் 50. ராத்திரி எட்டரை மணிக்குத் தெருவே வீடியோ பார்க்கிறபோது 12-க்கு இறங்கும், எல்லோரும் ஒரே கேபிளைப் பங்குபோடுகிறோம் இல்லையா. அந்த 12-கூட என் பழைய 8-ஐவிடப் பெரிது, அதனால் அதைக் குறையாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

என் பிரச்சினை ஒரு பெட்டி.

கேபிளில் சிக்னல் போகப்போக மங்கும், அதனால் நடுநடுவே அதைத் தூக்கிவிட ஆம்ப்ளிஃபயர் பெட்டி வைப்பார்கள், அதற்குக் கரண்ட் வேண்டும். இது எனக்குத் தெரியும். அந்தக் கரண்ட் எங்கிருந்து வருகிறது என்று மட்டும் நான் யோசித்ததில்லை. வாரத்தில் மூன்று நான்கு ராத்திரி பத்தரை வாக்கில் நெட் போகும், காலையில் பார்த்தால் நல்ல பிள்ளையாக வேலை செய்யும். கஸ்டமர் கேரில் மோடத்தை அணைத்துப் போடச் சொன்னார்கள். மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் துருப்பிடித்துத் தொங்கிய ஸ்பிளிட்டரை (கேபிளைப் பிரிக்கிற சின்ன டப்பா) மாற்றினார்கள், மோடத்தையே மாற்றினார்கள். நானும் மோடத்தின் பக்கமான 192.168.100.1-ஐத் திறந்து சிக்னல் அளவைத் தினமும் ஒரு நோட்டில் எழுதிவைத்தேன், பிபி பார்க்கிற மாதிரி. எல்லா எண்ணும் சரியாகவே இருந்தன.

ஒருநாள் ராத்திரி பால்கனியில் நிற்கிறேன். தெருமுனை ஜெராக்ஸ் கடையில் ஷட்டர் இறங்கியது. கடை போர்டுக்கு மேலே ஒரு சாம்பல் நிறப் பெட்டி, அதில் சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு, அது பொசுக்கென்று அணைந்தது. வீட்டுக்குள்ளேயிருந்து என் பையன் கத்தினான், "அப்பா, நெட் போச்சு!"

விசாரித்தால், அதுதான் எங்கள் தெரு ஆம்ப்ளிஃபயர், கடைக் கரண்ட்டில் ஓடுகிறதாம். கடைக்காரர் அடைத்தால் மெயினை அணைக்காமல் போவாராம். அவர் மச்சினன் அடைக்கிற நாளில் ஷார்ட் சர்க்யூட் பயத்தில் மெயினை அணைத்துவிடுவாராம். மூன்று மாதம் நான் எழுதிவைத்த நோட்டு, கடைசியில் மச்சினனின் டியூட்டி சார்ட்.

கேபிள்காரர் நல்ல மனிதர், அதையும் சொல்லவேண்டும். மறுநாளே வந்து சுவிட்சுக்குமேல் 'அணைக்காதீர்கள்' என்று எழுதி ஒட்டினார். தண்ணீர் லாரி மோதிக் கம்பி அறுந்தபோது ராத்திரி ஒன்பதுக்கு ஏணியோடு வந்தார். ஆனால் கரண்ட் கட்டுக்கு என்ன ஒட்டுவது? என் வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது, மோடம் பளிச்சென்று எரிகிறது, தெருமுனைப் பெட்டி செத்துக் கிடக்கிறது.

2012-ல் சென்னையில் தினம் 2 மணி நேரம் மின்வெட்டு இருந்தபோது டிஎஸ்எல்லில் இந்தக் கவலையே கிடையாது. எக்ஸ்சேஞ்சில் பேட்டரியும் ஜெனரேட்டரும் உண்டு, போன் லைனே 48 வோல்ட்டை அங்கிருந்து கொண்டுவருகிறது. ஊரே கரண்ட் இல்லாமல் இருக்கும், வீட்டு இன்வெர்ட்டரில் மோடம் ஓட, நான் மின்விசிறிக்கடியில் வேலை பார்ப்பேன். அந்த நிம்மதியை அப்போது பெரிதாக நினைக்கவில்லை.

அதற்காக டிஎஸ்எல் ஒன்றும் சொர்க்கமில்லை. மழை வந்தால் எங்கோ ஜாயின்ட்டில் தண்ணீர் இறங்கி ரிசீவரில் கொரகொரவென்று சத்தம், நெட் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை அறும். புகார் கொடுத்தால் லைன்மேன் வர எட்டு நாள். யாராவது போன் செய்தாலே நெட் போன காலமும் உண்டு. படுக்கையறை எக்ஸ்டென்ஷன் போனை, பேச்சையும் நெட்டையும் பிரிக்கிற டிஎஸ்எல் ஸ்பிளிட்டர் இல்லாமல் நேராக இழுத்திருந்தேன், அது என் தப்பு.

2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் வந்தது. தெருவில் மரங்கள் விழுந்ததில் கேபிள் பதினோரு நாள் இல்லை. கீழ்வீட்டு மாமி வீட்டில் லேண்ட்லைன் டயல் டோன் மூன்றாம் நாளே வந்துவிட்டது. மாமி அதில் பேசுகிற சத்தத்தை மேலேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன், எனக்குப் பொறாமை.

ஆக, நண்பனுக்கு என் பதில்: வேகம் கால்வாசிகூட வராது, பரவாயில்லை, போன் லைனே வாங்கு.

நானா? வருஷ சந்தா கட்டினால் 2 மாதம் இலவசம் என்றார்கள், நேற்றுத்தான் கேபிளுக்குக் கட்டினேன். 50-லிருந்து 8-க்கு இறங்கச் சொன்னால் பையன் வீட்டைவிட்டே போய்விடுவான். நீயும் கேபிள்தான் என்று அடம்பிடித்தால், வீடு பார்க்க வரும்போது உன் தெருப் பெட்டி யார் கடைக் கரண்ட்டில் ஓடுகிறது, அந்தக் கடையை ராத்திரி யார் அடைக்கிறார் என்று கேட்டுவிட்டு அட்வான்ஸ் கொடு.