எத்தியோப்பியாவில் பட்டப்படிப்பு: பாடம் நடத்தியவளின் மதிப்பீடு

எத்தியோப்பியாவின் தென்பகுதியில் ஒரு அரசுப் பல்கலைக்கழகத்தில் சிவில் என்ஜினீயரிங் பாடம் நடத்தினேன். 2000-க்குப் பிறகு அந்த நாடு பல்கலைக்கழகங்களை வேகமாகத் திறந்தபோது ஆசிரியர்கள் போதவில்லை, இந்தியாவிலிருந்து ஆள் எடுத்தார்கள். தமிழ்நாட்டிலிருந்தும் நிறையப் பேர் போனோம். இப்போது அங்கே என்னிடம் படித்த பழைய மாணவி ஒருத்தி, "டீச்சர், தம்பியை எங்கே சேர்க்கலாம்?" என்று கேட்டிருக்கிறாள். அவளுக்குச் சொன்னதையே இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். அங்கே வேலைக்குப் போக நினைப்பவர்களுக்கும் உதவும்.

முதலில் பணம். அரசுப் பல்கலைக்கழகத்தில் சேர அப்பா அம்மா முன்பணம் கட்ட வேண்டியதில்லை. 2003-இல் வந்த செலவுப் பகிர்வு முறைப்படி, கல்விச் செலவில் ஒரு சிறு பங்கும் சாப்பாடு, விடுதிச் செலவும் மாணவர் கணக்கில் கடனாக ஏறும். வேலை கிடைத்த பிறகு சம்பளத்தில் மாதம் குறைந்தது 10 சதவீதம் பிடித்துக்கொள்வார்கள். இஞ்செராவும் (புளித்த மாவில் சுடும் தோசை போன்றது) ஷிரோவும் (பயறு மாவுக் குழம்பு) திரும்பத் திரும்ப வருகிற மெஸ் சாப்பாட்டைப் பற்றி மாணவர்கள் புலம்புவார்கள், அது நியாயம்தான். ஆனால் காப்பித் தோட்டத்தில் கூலி வேலை செய்கிற வீட்டுப் பெண் ஐந்து வருடம் என்ஜினீயரிங் முடித்து வெளியே வருகிறாள், அவள் வீட்டில் எதையும் அடகு வைக்கவில்லை. நகையை வைத்துப் பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்கிற ஊரிலிருந்து போன எனக்கு இது பெரிய விஷயமாகப் பட்டது. இந்த ஒன்றுக்காகவே அரசுப் பல்கலைக்கழகத்தைத்தான் முதலில் சொல்வேன்.

உள்ளே நுழைவதுதான் கடினம். வினாத்தாள் கசிவு பெரிய தொல்லையாக இருந்ததால், 2022-இல் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வை அந்தந்தப் பள்ளியில் நடத்தாமல், பிள்ளைகளைப் பல்கலைக்கழக வளாகங்களில் தங்க வைத்து நடத்தினார்கள். கிட்டத்தட்ட 9 லட்சம் பேர் எழுதியதில், பல்கலைக்கழகத்தில் சேரத் தேவையான 50 சதவீதம் எடுத்தவர்கள் 30 ஆயிரத்துக்கும் குறைவு, அதாவது 3.3 சதவீதம். அடுத்த ஆண்டும் 3.2தான். ஐம்பதுக்குக் கீழே வந்தவர்களில் ஒரு பகுதியினருக்குச் சில மாதப் பயிற்சி வகுப்பு நடத்தி, அதில் தேறியவர்களைச் சேர்த்துக்கொண்டார்கள். அந்த ஏற்பாடு எனக்குச் சரியாகவே படுகிறது. கோளாறு பள்ளியில் இருக்கும்போது பிள்ளையை வீட்டுக்கு அனுப்பி என்ன பயன்?

கோளாறின் பெரும்பகுதி மொழியில் இருக்கிறது. தொடக்க வகுப்புகள் தாய்மொழியில் நடக்கும். ஒன்பதாம் வகுப்பிலிருந்து எல்லாப் பாடமும் ஆங்கிலம். ஆனால் அந்த ஆங்கிலத்தைச் சொல்லிக்கொடுக்கத் தெரிந்த ஆசிரியர்கள் கிராமத்தில் குறைவு. என் வகுப்பில் பெண்டிங் மொமென்ட் (பாரத்தில் உத்திரம் வளைவதைப் பற்றிய) கணக்கைச் சரியாகப் போடுகிற பையனால் ஆய்வக அறிக்கையில் நாலு வரி எழுத முடியாது. அவன் மூளையில் குறையே இல்லை. எழுத்துப் பயிற்சிக்கென்று தனியாக நேரம் ஒதுக்கியபோது வேகமாகத் தேறினார்கள். இங்கிருந்து போகிற ஆசிரியர்கள் தயவுசெய்து நிதானமாகப் பேசுங்கள், கரும்பலகையில் நிறைய எழுதுங்கள்.

எந்தப் பட்டம் என்றால், இப்போது பெரும்பாலான படிப்புகள் நான்கு வருடம். 2019 வாக்கில் எல்லோருக்கும் பொதுவான முதலாண்டைத் திரும்பக் கொண்டுவந்ததால் மூன்று வருடப் படிப்பு நான்கானது. புவியியல், உளவியல், தர்க்கச் சிந்தனை எல்லாம் படித்த பிறகுதான் துறைக்குள் போவார்கள். நல்ல மாற்றம். என்ஜினீயரிங் பற்றி யோசித்துத்தான் சொல்வேன். 2008-இல் 70 சதவீதம் பேர் அறிவியல், தொழில்நுட்பம்தான் படிக்க வேண்டும் என்று கொள்கை வகுத்து இடங்களைப் பெருக்கினார்கள். ஆய்வகம் அதே வேகத்தில் வளரவில்லை. எங்கள் துறையில் கம்பியின் வலிமையைச் சோதிக்கிற புது யூடிஎம் இயந்திரம் வந்திறங்கி, நிறுவ ஆள் இல்லாமல் மரப்பெட்டியிலேயே கிடந்தது. இரும்புக் கம்பியை இழுத்து முறித்துப் பார்க்காமலே ஒரு வருட மாணவர்கள் படிப்பை முடித்துப் போனதை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

மருத்துவம், பொதுச் சுகாதாரம் என்றால் விருப்பப் பட்டியலில் ஜிம்மா, கோந்தர் பல்கலைக்கழகங்களை முதலில் எழுதச் சொல்வேன். கோந்தரில் 1954-லிருந்தே சுகாதாரப் பணியாளர்களைப் பயிற்றுவிக்கிறார்கள். ஜிம்மாவில் மாணவர்களை ஊருக்குள் அனுப்பி, அங்குள்ள நோயையும் தண்ணீரையும் கழிப்பறையையும் கணக்கெடுத்துத் திட்டம் போடச் சொல்வது பாடத்திலேயே இருக்கிறது. விவசாயத்துக்கு ஹரமாயா பல்கலைக்கழகம். அடிஸ் அபாபா பல்கலைக்கழகம்தான் மூத்தது, 1950-இல் தொடங்கியது. இப்போது தன்னாட்சி பெற்றுத் தனி நுழைவுத் தேர்வும் வைக்கிறது. ஒன்று நினைவிருக்கட்டும்: மற்ற அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு விருப்பப் பட்டியல்தான் மாணவர் கையில், யாரை எங்கே போடுவது என்பதைக் கல்வி அமைச்சகம் முடிவு செய்யும். வடக்கே பிறந்த பிள்ளை தெற்கே வந்து, அம்ஹாரிக்கும் ஒரோமோவும் சிடாமாவும் பேசுகிறவர்களோடு ஒரே அறையில் இருப்பான். நாடு அமைதியாக இருந்தால் இது அருமையான கல்வி. கலவரம் வந்தால் பெற்றோர் தூங்க மாட்டார்கள்.

தனியார் கல்லூரிக்கு வருவோம். 2023-லிருந்து பட்டம் வாங்க எல்லோரும் படிப்பின் முடிவில் எழுதுகிற தேசிய வெளியேறு தேர்வில் 50 சதவீதம் எடுக்க வேண்டும். முதல் முறை அரசுப் பல்கலைக்கழகங்களில் சுமார் 62 சதவீதம் பேர் தேறினார்கள், தனியாரில் சுமார் 17. மாலை வகுப்பு, வேலையோடு படிக்க வசதி என்று தனியாரில் நல்லதும் உண்டு. ஆனால் பணம் கட்டுவதற்கு முன்னால் அந்தத் துறையின் வெளியேறு தேர்வு முடிவைக் கேளுங்கள். சொல்லத் தயங்கினால் வெளியே வந்துவிடுங்கள். கல்வி, பயிற்சி ஆணையத்தின் அங்கீகாரம் படிப்புக்கும் வளாகத்துக்கும் தனித்தனி. தலைநகர் வளாகத்துக்கு இருப்பதால் உங்கள் ஊர்க் கிளைக்கும் இருக்கும் என்று நம்ப வேண்டாம்.

மாணவியின் தம்பிக்கு உயிரியல் பிடிக்குமாம். பட்டியலில் ஜிம்மா, கோந்தர், ஹரமாயா என்று வரிசையாக எழுதச் சொன்னேன். மதிப்பெண் கொஞ்சம் குறைந்தால் பயிற்சி வகுப்பில் சேரட்டும், அவசரப்பட்டுத் தனியாரில் பணம் கட்ட வேண்டாம் என்றும் சொன்னேன். அப்புறம், தேர்வு வரைக்கும் தினமும் ஒரு பக்கம் ஆங்கிலத்தில் எழுதி அக்காவிடம் காட்டட்டும்.