கோடி பிளேயரும் லிப் சிங்க் பிரச்சினையும்: நீண்ட நாள் பயன்பாட்டு அனுபவம்

டிவி பாக்ஸில் ‘கோடி’ என்ற வீடியோ பிளேயர் மென்பொருள், அதோடு ஒரு சவுண்ட்பார் அல்லது ஸ்பீக்கர்களை இயக்கும் ஏ.வி. ரிசீவர். வீட்டில் படம் பார்க்க இதைவிட வசதியான அமைப்பு குறைவு. லைப்ரரி, சப்டைட்டில், படத்தின் தரம் எதிலும் பெரிய குறை சொல்ல முடியாது. பொறுமையைச் சோதிப்பது ஒன்றே ஒன்றுதான்: வாய் ஒரு நேரம் அசைகிறது, வசனம் வேறு நேரம் கேட்கிறது. இதுதான் லிப் சிங்க் பிரச்சினை. இதைச் சரிசெய்யத் தேவையானதில் பெரும்பகுதி கோடிக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் பெரும்பாலானோர் நேராக ஆடியோ ஆஃப்செட்டை, அதாவது ஒலியை முன்னோ பின்னோ நகர்த்தும் செட்டிங்கை, திருகத் தொடங்குகிறார்கள். அன்றைக்குச் சரியாகிவிடும், அடுத்த படத்தில் மறுபடியும் பிசகும்.

முதலில் பார்க்க வேண்டியது எவ்வளவு விலகல் என்பதல்ல, எந்த மாதிரியான விலகல் என்பதுதான். ஒரே படத்தை 5-வது நிமிடத்திலும் 65-வது நிமிடத்திலும் பாருங்கள். இரண்டு இடத்திலும் ஒரே அளவு பிசகினால் அது நிலையான தாமதம். டிவி, ரிசீவர், கேபிள் வழி ஆகியவற்றில் காரணத்தைத் தேடலாம். போகப் போகக் கூடினால் கோளாறு ஃபைலில் இருக்கிறது. ஒரு குறிப்பிட்ட காட்சிவரை சரியாக இருந்து, அதன்பின் சட்டென்று விலகினால் வேறு பதிப்பிலிருந்து எடுத்த ஆடியோவை இதில் ஒட்டியிருக்கிறார்கள் என்று பொருள். அதற்கு ஆஃப்செட் மருந்தே இல்லை. ஆடியோவை அந்த இடத்தில் வெட்டித்தான் ஒட்ட வேண்டும்.

அடுத்தது திசை. ஒலி முந்துகிறதா, பிந்துகிறதா? ஒலி முந்துவதை நாம் வெகு சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவோம். சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்பான ஐ.டி.யு. 1998-இல் வெளியிட்ட பரிந்துரை, ஒலி 45 மில்லிசெகண்ட் முந்தினாலே பார்ப்பவருக்குத் தெரியும் என்கிறது. பிந்தினால் 125 வரை தெரிவதில்லை. தூரத்தில் நடப்பதன் சத்தம் தாமதமாகவே நம்மை வந்தடைவதால், பிந்துவதற்கு நம் மூளை பழகியிருக்கிறது. அதனால் சரியாக நடுவில் நிறுத்த முடியாவிட்டால், ஒலி சற்றுப் பிந்தும் பக்கமாக விட்டுவிடுங்கள்.

எப்படி இணைத்திருக்கிறீர்கள் என்பதைத் திசையே பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். பாக்ஸிலிருந்து நேராக ரிசீவருக்கும் அங்கிருந்து டிவிக்கும் போகும் இணைப்பில் ஒலி முந்துவது வழக்கம். ரிசீவர் ஒலியை உடனே பாடவிடுகிறது, டிவி படத்தைச் செதுக்கிக்கொண்டிருக்கிறது. பாக்ஸ் நேராக டிவிக்குப் போய், டிவியிலிருந்து ஏ.ஆர்.சி. (எச்.டி.எம்.ஐ. கேபிளிலேயே ஒலியைத் திருப்பி அனுப்பும் வசதி) அல்லது ஆப்டிகல் கேபிள் வழியாக சவுண்ட்பாருக்கு ஒலி போனால் பிந்துவதே வழக்கம். இந்த இரண்டாவது நிலையில் ரிசீவர், சவுண்ட்பார், டிவி மெனுக்களில் இருக்கும் டிலே பெரும்பாலும் உதவாது. வந்த ஒலியைப் பிடித்துவைக்கத்தான் அவற்றால் முடியும், வராத ஒலியை முன்கூட்டி எடுத்துக் கொடுக்க முடியாது. ஃபைல் முழுவதும் கையில் இருப்பது பிளேயரிடம் மட்டுமே என்பதால், ஒலியை முன்னால் நகர்த்த அதனால்தான் முடியும்.

அதற்கு முன் டிவி தன் பங்குக்குச் சேர்க்கும் தாமதத்தைக் குறையுங்கள். ட்ரூமோஷன், மோஷன்ஃப்ளோ என்று ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு பெயர் வைத்திருக்கும் மோஷன் ஸ்மூத்திங்தான் முதல் குற்றவாளி. இரண்டு ஃப்ரேமுக்கு நடுவில் புதிய ஃப்ரேமை உருவாக்க அடுத்த ஃப்ரேம் வரும்வரை டிவி காத்திருந்தாக வேண்டும். நொடிக்கு 24 ஃப்ரேம் ஓடும் படத்தில் ஒரு ஃப்ரேம் என்பதே ஏறத்தாழ 42 மில்லிசெகண்ட். இரண்டு மூன்று ஃப்ரேமைப் பிடித்துவைத்தால் நூறைத் தாண்டிவிடும். அதையும் நாய்ஸ் ரிடக்‌ஷனையும் அணைத்தாலே பல வீடுகளில் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடுகிறது. கேம் மோடில் தாமதம் இன்னும் குறையும். ஆனால் படத்தின் நிறம் கெடுவதால் சினிமா பார்க்க அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எச்.டி.எம்.ஐ. 1.3-லிருந்து, தாமதத்தைத் தானாகவே ஈடுகட்டும் ஆட்டோ லிப் சிங்க் இருக்கிறதே, அது போதாதா என்று கேட்கலாம். அது டிவி சொல்லும் ஒரு எண்ணை நம்பி இயங்குகிறது. பிக்சர் மோடை மாற்றும்போது தாமதமும் மாறுகிறது, டிவி சொல்லும் எண் பல நேரம் மாறுவதில்லை. எச்.டி.எம்.ஐ. 2.1-உடன் வந்த, ஏ.ஆர்.சி.யின் மேம்பட்ட வடிவமான இ.ஏ.ஆர்.சி.யில் லிப் சிங்க் திருத்தம் கட்டாயம். டிவி, சவுண்ட்பார் இரண்டிலும் அது இருந்தால் நிலைமை கண்கூடாக மேம்படும். ஆப்டிகல் கேபிள் ஒருவழிப் பாதை. அதில் இந்தத் தகவல் திரும்பி வரவே வழியில்லை.

இனி அளப்பது. கண்ணையும் காதையும் நம்பி அளப்பதில் ஒரு சிக்கல் உண்டு: பார்த்துக்கொண்டே இருந்தால் பிசகு பழகிப்போய்விடும். ஃப்ளாஷும் பீப்பும் சேர்ந்து வரும் சிங்க் டெஸ்ட் ஃபைலைக் கோடியில் ஓட்டி, உட்காரும் இடத்திலிருந்தே போனில் 240 ஃப்ரேம் ஸ்லோமோஷனில் பதிவுசெய்யுங்கள். ஒலி ஒரு மீட்டர் கடக்க சுமார் 3 மில்லிசெகண்ட் ஆகும், அந்தத் தூரமும் கணக்கில் சேர வேண்டும். பிறகு எடிட்டிங் ஆப்பில் ஒவ்வொரு ஃப்ரேமாக நகர்த்திப் பாருங்கள். ஒரு ஃப்ரேம் 4.2 மில்லிசெகண்ட். திரை ஒரே நொடியில் வெளுக்காது, மேலிருந்து கீழாக வெண்மை இறங்கிவருவது தெரியும். அது பாதித் திரையைத் தொடும் ஃப்ரேமைப் படத்தின் நேரமாகவும், வேவ்ஃபார்மில் (ஒலியின் அலை வரைபடத்தில்) பீப் எழும் புள்ளியை ஒலியின் நேரமாகவும் எடுத்துக்கொள்ளுங்கள். போனுக்கே ஒரு சிறு பிசகு இருக்கலாம். அருகில் கை தட்டி அதே முறையில் பதிவுசெய்து, அந்த வித்தியாசத்தைக் கழித்துவிடுங்கள். 23.976, 25, 50, 59.94 என்று ஒவ்வொரு ஃப்ரேம் ரேட்டுக்கும் தனித்தனியாக அளப்பது முக்கியம். 24-இல் 110 காட்டும் டிவி 50-இல் 60 மட்டுமே காட்டக்கூடும்.

கிடைத்த எண்ணைப் போடும் இடம், படம் ஓடும்போது வரும் ஆடியோ செட்டிங்ஸில் உள்ள ஆடியோ ஆஃப்செட். 25 மில்லிசெகண்ட் படிகளாக நகரும். பிளஸ், மைனஸ் குறியைப் பார்க்காதீர்கள், ஒலி முந்துகிறதா பிந்துகிறதா என்று திரையில் எழுதிக் காட்டுவதைப் பாருங்கள். இந்த மதிப்பு அந்த ஒரு வீடியோவுக்கு மட்டுமே சேமிக்கப்படும். எல்லாவற்றுக்கும் வேண்டுமென்றால் டிஃபால்ட் ஆக்கும் வரியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். திரை நொடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கப்படுகிறது என்பதே ரெஃப்ரெஷ் ரேட். அது மாறும்போது தாமதமும் மாறும் டிவியில் இதுவும் போதாது. அட்வான்ஸ்டுசெட்டிங்ஸ் எக்ஸ்எம்எல் ஃபைலில், வீடியோ பகுதிக்குள் லேட்டன்சி என்ற பிரிவில் ஒவ்வொரு ரேட்டுக்கும் தனி மதிப்பை மில்லிசெகண்டில் எழுதலாம். கோடியின் சிறந்த வசதிகளில் ஒன்று இது. மெனுவில் இல்லாததால் பலருக்குத் தெரிவதில்லை. ஒருமுறை எழுதிவிட்டால் வருடக்கணக்கில் தொட வேண்டியதில்லை.

செட்டிங்ஸ் லெவலை எக்ஸ்பர்ட் ஆக்கினால், பிளேயர் பகுதியில் ‘அட்ஜஸ்ட் டிஸ்ப்ளே ரெஃப்ரெஷ் ரேட்’ இருக்கும். அதை ‘ஆன் ஸ்டார்ட்/ஸ்டாப்’ என்று வையுங்கள். ரேட் மாறும்போது டிவி ஓரிரு நொடி இருளும், அதற்குள் வசனம் தொடங்கிவிடாமல் இருக்க ரேட் மாற்றத்தின்போது நிறுத்திவைக்கும் நேரத்தையும் கொடுத்துவிடுங்கள். ‘சிங்க் பிளேபேக் டு டிஸ்ப்ளே’ என்ற பெயர் நம் நோய்க்கே செய்த மருந்து மாதிரித் தோன்றும். ஆனால் அது ஒலியை மறுமாதிரியாக்கி (ரீசாம்பிள் செய்து) திரையின் வேகத்துக்கு இழுக்கிறது, அதனால் ஒலியைப் பிரிக்காமல் அப்படியே அனுப்பும் பாஸ்த்ரூ வேலை செய்யாது. டால்பி, டி.டி.எஸ். ஒலியை அப்படியே ரிசீவருக்கு அனுப்புபவர்கள் அதை அணைத்தே வைக்கலாம்.

பாஸ்த்ரூவில் ஒரு நுணுக்கம் உண்டு. சில சவுண்ட்பார்கள் பி.சி.எம். ஒலியை (சுருக்கப்படாத டிஜிட்டல் ஒலி) உடனே ஒலிக்கின்றன, டால்பி டிஜிட்டலைப் பிரித்தெடுக்கக் கூடுதல் நேரம் எடுக்கின்றன. அந்த ஃபார்மட்டின் ஒரு ஃப்ரேமே 1,536 சாம்பிள்கள், அதாவது 48 கிலோஹெர்ட்ஸில் 32 மில்லிசெகண்ட். ஒரு படம் சரியாகவும் இன்னொன்று பிசகியும் வந்தால், இரண்டின் ஆடியோ ஃபார்மட்டை ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டு சேனல் சவுண்ட்பாருக்கு பாஸ்த்ரூவால் ஆகப்போவது எதுவுமில்லை, பி.சி.எம். வைத்துவிடுவதே நிம்மதி.

ஃபைலிலேயே கோளாறு இருந்தால் கணக்குப் போட்டே கண்டுபிடிக்கலாம். மணிக்கு 3.6 நொடி விலகினால் 24-க்கும் 23.976-க்கும் உள்ள வித்தியாசம். மணிக்கு இரண்டரை நிமிடத்துக்கு அருகில் விலகினால், 25 ஃப்ரேம் பதிப்பின் ஆடியோ 23.976 வீடியோவில் ஏறியிருக்கிறது. எம்.கே.வி. ஃபைல்களைப் பிரித்துச் சேர்க்கும் எம்.கே.வி. டூல்நிக்ஸ் மென்பொருளில் ‘ஸ்ட்ரெட்ச் பை’ கட்டத்தைப் பார்த்ததும் ஆடியோவை இழுக்கத் தோன்றும். ஆடியோ டிராக்குக்கு அது சரிவராது, நேரக்குறிகளை மட்டும் மாற்றுவதால் ஒலி விட்டு விட்டு வரும். வீடியோ டிராக்கின் டிஃபால்ட் டியூரேஷனை (ஃப்ரேம் வேகத்தை) ஆடியோவுக்கு ஏற்றபடி 24 அல்லது 25 என்று மாற்றி மறுபடி மக்ஸ் செய்வதே, அதாவது டிராக்குகளை ஒரே ஃபைலாகச் சேர்ப்பதே நேர்த்தியான வழி. எதையும் மறுபடி என்கோட் செய்ய வேண்டாம், தரமும் குறையாது. அதே ஃபைலில் உள்ள மற்ற ஆடியோவும் சப்டைட்டிலும் பழைய வேகத்திலேயே இருக்கும் என்பதை மறக்காதீர்கள். சப்டைட்டிலுக்கு ஸ்ட்ரெட்ச் பை தாராளமாகப் போடலாம். வீடியோவைத் தொடக்கூடாது என்றால் எஃப்.எஃப்.எம்பெக் என்ற இலவச மென்பொருளின் ஏடெம்போ ஃபில்டரில், 25-இலிருந்து 23.976-க்கு 0.95904 கொடுத்து ஆடியோவை மறு என்கோட் செய்யலாம், சுருதி மாறாது.

போனில் எடுத்த வீடியோவின் ஃப்ரேம் ரேட் பெரும்பாலும் நிலையாக இருக்காது. அதனாலும் சிங்க் பிசகலாம். ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் கான்ஸ்டன்ட் ஃப்ரேம் ரேட் தேர்ந்தெடுத்து மாற்றினால் போதும்.

புளூடூத் ஸ்பீக்கர், ஹெட்போனில் தாமதம் இல்லாமல் இருக்காது. புளூடூத்தில் ஒலியைச் சுருக்கி அனுப்பும் சாதாரண எஸ்.பி.சி. கோடெக்கில் 150 முதல் 250 மில்லிசெகண்ட் வரை சகஜம். கோடியில் அதற்கென ஒரு ஆஃப்செட் வைத்தால், புளூடூத்தைத் துண்டித்ததும் மறக்காமல் பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டும். கோடியின் ஆஃப்செட் மற்ற ஆப்களைத் தொடாது. எல்லா ஆப்பிலும் ஒரே பிசகு என்றால் பாக்ஸ் அளவிலேயே சரிசெய்யுங்கள். ஃபயர் டிவியில் ஏ.வி. சிங்க் டியூனிங் உண்டு. ஆப்பிள் டிவியில், டிவிஓஎஸ் 13 முதல், ஐபோனின் மைக்கை வைத்தே அளந்து திருத்தும் வசதி உண்டு.

எந்த எண்ணுக்கும் கட்டுப்படாமல் விலகல் கூடிக் குறைந்துகொண்டே இருந்தால், படம் ஓடும்போது கீபோர்டில் கன்ட்ரோல், ஷிப்ட், ஓ மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். திரையில் வரும் தகவலில் டிராப் எண்ணிக்கை (தவறவிட்ட ஃப்ரேம்கள்) ஏறிக்கொண்டே போனால், பாக்ஸால் வீடியோவை வேகமாக டிகோட் செய்ய முடியவில்லை என்று பொருள். பழைய பாக்ஸ்களில் ஏவி1, 10 பிட் எச்.264 ஆகிய வீடியோ ஃபார்மட்கள் ஹார்டுவேரில் ஓடாது, பிராசஸர் திணறும். அங்கே ஆஃப்செட்டைத் திருகுவது வீண். ஃபைலை மாற்றுங்கள், இல்லையென்றால் பாக்ஸை மாற்றுங்கள்.

திருத்தத்தை ஒரே இடத்தில் வையுங்கள். கோடியில் வைத்தால் ரிசீவர், டிவி இரண்டிலும் டிலே பூஜ்யமாக இருக்கட்டும். மூன்று இடத்தில் மூன்று எண் இருந்தால் எது எதை ரத்துசெய்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. நன்றாக இருந்த சிங்க் திடீரென்று கெட்டால், கோடியைத் தொடுவதற்கு முன் டிவியின் பிக்சர் மோடையும் டிஜிட்டல் ஆடியோ அவுட்புட்டையும் பாருங்கள். சாஃப்ட்வேர் அப்டேட்டுக்குப் பின் மோஷன் ஸ்மூத்திங் மறுபடி ஆன் ஆகியிருப்பதும், பி.சி.எம். என்று வைத்தது ஆட்டோவுக்குத் திரும்பியிருப்பதும் அடிக்கடி நடப்பதுதான்.