வீட்டில் ஏற்றும் கொழுப்பு: சோயாவா, மீன் எண்ணெய் கலந்ததா?

பாம்பன், மண்டபம் பக்கம் நெத்திலிக்குப் பஞ்சமில்லை. ஆனால் சிறுகுடலின் பெரும்பகுதியை வெட்டி எடுத்தவருக்கு மீன் குழம்பின் கொழுப்பு உடம்பில் சரியாகச் சேராது. சிலருக்கு வீட்டிலேயே ரத்தக்குழாய் வழியாகத்தான் ஊட்டம் ஏற்ற வேண்டியிருக்கிறது.

அந்தப் பையில் பால் போல இருக்கும் கொழுப்பில், 1960களிலிருந்து புழங்குவது சோயா எண்ணெய். விலை குறைவு, அவசியக் கொழுப்பு அமிலங்கள் தாராளம். மாதக்கணக்கில் ஏற்றும்போதுதான் சிக்கல்: அதிலுள்ள தாவர ஸ்டீரால்கள் (கொலஸ்ட்ரால் போன்ற தாவரப் பொருட்கள்) கல்லீரலில் பித்தநீரைத் தேங்க வைக்கலாம். அதனால் நீண்டகாலம் ஏற்றுபவருக்கு, சோயாக் கொழுப்பு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 1 கிராமைத் தாண்ட வேண்டாம் என்கிறார்கள்.

மீன் எண்ணெய் கலந்தது ஸ்மோஃப்லிப்பிட். இந்தக் கலவையில் சோயா 30, எம்.சி.டி. (நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு) 30, ஆலிவ் 25, மீன் எண்ணெய் 15 சதவீதம். ஒமேகா-3 கூடுதல், ஸ்டீரால் குறைவு. ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் அளவுகள் ஏறிக்கொண்டே போகிறவருக்கு என் ஓட்டு இதற்குத்தான், மற்றவருக்கு அவசரமில்லை. விலை கடிக்கும். மீன் ஒவ்வாமை இருந்தால் தொடவே கூடாது. முட்டை ஒவ்வாமை என்றால் இரண்டுமே ஆகாது.

அப்புறம் நம்மூர் வெயில். எதுவானாலும் 25 டிகிரிக்கு மேல் வைக்கக் கூடாது. பையில் மஞ்சள் எண்ணெய் பிரிந்து மிதந்தால், ஏற்றாமல் மருத்துவமனைக்குப் போன் பண்ணுங்கள்.