கும்பகோணம் பக்கம் ஒரு வலி கிளினிக்கில் அப்சர்வர்ஷிப்: யார் போகலாம்?

அப்சர்வர்ஷிப் என்றால் கட்டணம் கட்டி, டாக்டர் பக்கத்தில் நின்று பார்த்துக் கற்பது. பி.எம்.ஆர். (உடலியக்க மறுவாழ்வு மருத்துவம்) அல்லது அனஸ்தீசியாவில் எம்.டி. முடித்துவிட்டு, விளையாட்டுக் காயம், முதுகெலும்பு பார்க்கும் ஸ்போர்ட்ஸ் அண்ட் ஸ்பைனா, தீராத வலியைப் பார்க்கும் பெயின் மெடிசினா என்று இழுபறியில் இருப்பவர்கள் போகலாம். எம்.பி.பி.எஸ். முடித்த கையோடு போனால் காசு தண்டம். குறையும் சொல்லப் போவதால் கிளினிக் பெயரை விட்டுவிடுகிறேன்.

இங்கே இந்த இரண்டு துறை நோயாளிகளும் ஒரே கிளினிக்குக்கு வருகிறார்கள். காலையில் நெல் கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ மூட்டை தூக்குகிறவர், கபடியில் முழங்கால் பிசகிய பையன், நடவு நட்டு இடுப்பு நிமிராத அக்கா. டாக்டர் எடுத்த எடுப்பில் ஊசிக்குப் போவதில்லை. அந்த மூட்டைக்காரரைக் குதிகாலை ஊன்றி நடக்கச் சொன்னார், வலது பாதத்தின் முன்பகுதி மேலே எழும்பவே இல்லை, எம்.ஆர்.ஐ. கவரைப் பிரிக்கும் முன்பே, இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் எல்5 நரம்பில்தான் கோளாறு என்று சொல்லிவிட்டார். இதற்காகவே கட்டணம் கொடுக்கலாம்.

மதியத்துக்கு மேல் கதையே வேறு. புற்றுநோய் வலி, அக்கி ஆறியும் அடங்காத எரிச்சல், ஆபரேஷன் செய்தும் தீராத முதுகு. 2014-ல் போதைப்பொருள் சட்டத்தைத் திருத்திய பிறகு மார்ஃபின் வைத்திருக்க அனுமதி வாங்குவது முன்னளவுக்குக் கஷ்டமில்லை, ஆனால் பதிவேடு, மாத்திரைக் கணக்கு, வீட்டாரை உட்கார வைத்துப் பேசுவது எல்லாம் நம் தலையில்தான். எபிட்யூரல் (தண்டுவட உறையைச் சுற்றிப் போடும் ஊசி), ரேடியோஃப்ரீக்வென்சி (ஊசி வழியே நரம்பைச் சுட்டு வலியைக் குறைப்பது) எல்லாம் இரண்டு துறையிலும் உண்டு, அதனால் ஊசியை வைத்து முடிவெடுக்காதீர்கள். யாரிடம் அரைமணி நேரம் பேசியும் அலுப்பு தட்டவில்லை என்று பாருங்கள். எனக்குக் காலை ஓ.பி.தான்.

அமெரிக்கா போகிறவர்களுக்கு டாக்டர் சொன்னது: அங்கே பெயினும் ஸ்போர்ட்ஸும் தனித்தனி ஓராண்டு ஃபெலோஷிப், இரண்டுக்கும் போர்டு தேர்வு உண்டு. ஸ்பைன் ஃபெலோஷிப் பலவற்றுக்கு ஏ.சி.ஜி.எம்.இ. (அங்கே மேற்பயிற்சிகளை அங்கீகரிக்கும் அமைப்பு) அங்கீகாரம் கிடையாது, அதை மட்டும் முடித்துவிட்டு பெயின் போர்டு எழுத முடியாது. சேரும் முன் கேட்டுவிடுங்கள்.

குறை என்றால் சி-ஆர்ம் அறைதான், அதாவது எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி ஊசி போடும் அறை. பார்க்க வந்த டாக்டர்களுக்கென்று லெட் ஏப்ரன் (எக்ஸ்ரே கதிரைத் தடுக்கும் ஈய அங்கி) இரண்டே இரண்டு. மூன்றாவது ஆள் கண்ணாடிக்கு வெளியே நின்று டாக்டரின் முதுகைப் பார்க்க வேண்டியதுதான், இத்தனைக்கும் எல்லோரிடமும் ஒரே கட்டணம் வாங்குகிறார்கள். பணம் கட்டும் முன், அதே நேரத்தில் அப்சர்வர்ஷிப்புக்கு வருகிறவர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள், முடிந்தால் சம்பா அறுவடை நடக்கிற தை, மாசியில் போங்கள், இடுப்பு வலிக் கூட்டம் அள்ளும்.