முன்னிறக்கையா, வாலா? ரேடியோ கன்ட்ரோல் விமானத்தில் எது உங்களுக்கு

1903-இல் ரைட் சகோதரர்கள் பறந்ததே முன்னால் சிறு இறக்கை வைத்த கனார்டில்தான். விமான வடிவமைப்பாளர் பர்ட் ரூட்டனின் லாங்-ஈஸி என்ற கனார்டு விமானத்தைப் பார்த்து அதே வடிவ மாடலை வாங்கலாமா என்று பலர் தயங்குகிறார்கள்.

ஈர்ப்பு மையம்
வால் மாடல்: இறக்கைக்குள்ளேயே, முன்விளிம்பிலிருந்து இறக்கை அகலத்தில் ஏறக்குறைய கால் பங்கில்.
கனார்டு: பெரிய இறக்கைக்கு முன்னால். மோட்டார் பின்னால் இருப்பதால் பேட்டரியை மூக்குவரை தள்ள வேண்டிவரும்.

வேகம் குறைந்தால்
வால் மாடல்: இறக்கை ஸ்டால் ஆகும் (தூக்கும் விசையை இழக்கும்), சில நேரம் ஒரு பக்கம் சரியும்.
கனார்டு: சரியாக அமைத்திருந்தால் முன்னிறக்கைதான் முதலில் ஸ்டால் ஆகும். மூக்கு மெல்லத் தாழ்ந்து, வேகம் பிடித்துத் தானே நிமிரும். பார்க்க அவ்வளவு அழகு!

தரையிறக்கம்
வால் மாடலை மூக்கைத் தூக்கி மெதுவாக உட்கார வைக்கலாம். கனார்டில் அந்தப் பழக்கம் ஆகாது. தரைக்கு ஓரடி மேலே ஸ்டிக்கை இழுத்துக்கொண்டே போனால் முன்னிறக்கை கைவிட்டுவிடும், மூக்குச் சக்கரம் 'டக்'கென்று மோதும். கொஞ்சம் த்ராட்டில் (மோட்டார் விசை) வைத்து, வேகமாக, தட்டையாக வாருங்கள். நீண்ட ஓடுபாதை வேண்டும். மூக்கை அதிகம் தூக்கினால் பின்பக்க ப்ரொப்பெல்லர் தரையில் உரசும்.

அப்புறம் ஒன்று: முன்னிறக்கையில் எலிவேட்டர் (மூக்கை ஏற்றி இறக்கும் அசையும் மடல்) இருந்தால், ஸ்டிக்கை இழுக்கும்போது அது கீழே இறங்க வேண்டும். பறக்குமுன் பாருங்கள்.

முதல் விமானம், சின்ன மைதானம் என்றால் வால் மாடல். கை பழகி, நல்ல தார் ஓடுபாதையும் இருந்தால் கனார்டையே எடுங்கள்.