ஆர்.சி.யில் 1,300 கிலோ, எடை மேடையில் 990

பாலக்கோட்டில் பிக்கப் வண்டி வாங்கி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. இதுவரை 1,80,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. பெரும்பாலும் தக்காளி, மாங்காய் சீசன் வந்தால் கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைகளுக்குப் பெங்களூரா ரக மாங்காய். இன்ஜின் பற்றியோ மைலேஜ் பற்றியோ எனக்குக் குறை எதுவும் இல்லை. எனக்குப் புரியவே மூன்று ஆண்டுகள் பிடித்த விஷயம், இந்த வண்டி எவ்வளவுதான் சுமக்கும் என்பது.

ஆர்.சி.யில், அதாவது வண்டியின் பதிவுச் சான்றில், இரண்டு எண்கள் இருக்கின்றன. காலி எடை 1,650 கிலோ, சுமையோடு சேர்த்த மொத்த எடை 2,950 கிலோ. கழித்தால் 1,300. விற்றவரும் அதைத்தான் சொன்னார், நானும் அதைத்தான் நம்பினேன். நம்பினேன் என்பதுகூடப் பொய். 1,300 ஏற்றலாம் என்றால் 1,500 ஏற்றினால் என்ன ஆகிவிடும் என்று 55 பெட்டி தக்காளி ஏற்றிக்கொண்டிருந்தேன். சந்தையில் என்னைவிட அதிகம் ஏற்றுபவர்கள்தான் அதிகம்.

மூன்றாம் ஆண்டில் பின்பக்க மெயின் பட்டை, அதாவது சுமையைத் தாங்கும் வில் தகடுகளில் முதன்மையானது, உடைந்தது. அடுத்த நான்கு மாதத்தில் பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கும் சென்டர் போல்ட் அறுந்தது. கூடுதலாக ஒரு பட்டை போட்டுத் தரும்படி பட்டறை அண்ணனிடம் கேட்டேன். "போடலாம் தம்பி. வண்டி உட்காராது, அவ்வளவுதான். உன் பிரேக்கும் ஆக்சிலும் டயரும் பழையதுதானே?" என்றார். போடவில்லை. காலி வண்டியை எடை மேடைக்கு ஓட்டிப்போகச் சொன்னதும் அவர்தான்.

நானும் உதவியாளனும் உள்ளே இருக்க, டேங்க் நிறைய டீசலோடு மேடை காட்டிய எடை 1,960. ஆர்.சி. எண்ணைவிட 310 கிலோ கூடுதல். தேடிப்பார்த்தால் ஒவ்வொன்றாகச் சிக்கியது. பெட்டி சரியாமல் இருக்க நான் அடித்த இரும்புக் கூண்டு 120 கிலோ. இரண்டு ஆள் 140. தார்ப்பாய், கயிறு, சாமான் பெட்டி, டீசல் எல்லாம் மீதி. ஆக எனக்கு மிஞ்சுவது 990 கிலோ. எங்கள் தக்காளிப் பெட்டி, பிளாஸ்டிக்கோடு சேர்த்து 27 கிலோ நிற்கும். 36 பெட்டி. நான் ஏற்றியது 55!

மறுநாள் 55 பெட்டியோடு போய், பின் சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி நிறுத்தினேன். 2,270 கிலோ. டயர் ஓரத்தில் அளவுக்குப் பின்னால் வரும் எண்ணை யாரும் பார்ப்பதில்லை. என் டயரில் அது 106. ஒரு டயர் 950 கிலோ தாங்கும் என்று பொருள். இரண்டுக்கும் 1,900. மே மாத வெயிலில் நெடுஞ்சாலையில் 80 வேகத்தில் போன நாட்களை நினைத்துக்கொண்டேன்.

அதைவிடப் பயமுறுத்தியது தொப்பூர். தருமபுரியிலிருந்து சேலம் போகும்போது கணவாய் முழுக்க இறக்கம். 3,445 கிலோவோடு இறங்கும் வண்டி, 2,950 கிலோ வண்டியைவிட ஆறில் ஒரு பங்கு கூடுதல் சூட்டைப் பிரேக்கில் கொட்டுகிறது. இரட்டைப் பாலத்துக்கு முன்னால் ஒருமுறை மிதி மெத்தென்று இறங்கியது. கருகிய வாடை கேபினுக்குள் வந்தது. மூன்றாம் கியருக்கு இறக்கி, ஓரம் கட்டி, அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். டீசலை மிச்சம் பிடிக்க அந்த இறக்கத்தில் நியூட்ரலில் விடுகிறவர்களை இப்போது பார்த்தாலும் வயிறு கலங்குகிறது.

இழுவைக் கதை தனி. ஊர்ப் பண்டிகைக்கு ஜெனரேட்டர் வண்டியை இழுத்துத் தரக் கேட்டார்கள். இரண்டு சக்கர டிரெய்லர், மொத்தம் 1,050 கிலோ, பிரேக் கிடையாது. 50 வேகம் தாண்டியதும் பின்னால் வாலாட்டத் தொடங்கியது. ஆக்சிலரேட்டரை விட்டு மெதுவாக அடங்க வைத்தேன். இழுவைக் கம்பியின் முனையைத் தக்காளித் தராசில் வைத்துப் பார்த்தால் வெறும் 25 கிலோ. டீசல் டிரம்மையும் கேபிள் சுருள்களையும் பின்னால் அடுக்கியிருந்தார்கள். அவற்றை முன்னால் நகர்த்தியதும் 115 ஆனது, ஆட்டமும் நின்றது. டிரெய்லர் எடையில் பத்தில் ஒரு பங்காவது கொக்கியில் அழுத்த வேண்டும் என்பது கணக்கு. அந்த 115 கிலோவும் என் 990-இலிருந்துதான் கழிகிறது. கொக்கி பின் ஆக்சிலுக்கு 1.2 மீட்டர் பின்னால், சக்கர இடைவெளி 3 மீட்டர். நெம்புகோல் போல முன் சக்கரங்களிலிருந்து 46 கிலோவைத் தூக்கிவிடுகிறது. ஸ்டீயரிங் காற்றில் மிதப்பது அதனால்தான்.

டொயோட்டாவின் ஹைலக்ஸ் பிக்கப் வெளிநாட்டில் 3,500 கிலோ இழுக்கும் என்பார்கள். அது பிரேக் உள்ள டிரெய்லருக்கு. அதே வண்டி முதுகில் சுமப்பது ஏறக்குறைய ஒரு டன்தான். ஐரோப்பாவில் பிரேக் இல்லாத டிரெய்லருக்கு 750 கிலோதான் உச்சம். என் வண்டியின் கையேட்டில் இழுவைக்கு எண்ணே இல்லை. கொக்கியைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டேன்.

அதிகச் சுமைக்கு அபராதம் 20,000 ரூபாய், கூடுதல் டன்னுக்கு 2,000 வீதம் தனி, இறக்கி வைக்கும் செலவும் நம்முடையது. 2019 முதல் இதுதான் விதி. எனக்கு இதுவரை விழவில்லை; பட்டைக்கும் டயருக்கும் கொடுத்ததே அதைத் தாண்டியிருக்கும். நடை கூலி குறைந்தது உண்மை, இரண்டு வியாபாரிகள் வேறு வண்டிக்குப் போனதும் உண்மை. 36 பெட்டிக்கு மாறி மூன்று ஆண்டில் பட்டை உடையவில்லை, டயர் ஒரு சீசன் கூடுதலாக வருகிறது.

போன வாரம் மழை. நனைந்த தார்ப்பாயோடு மேடையில் 20 கிலோ தாண்டியது. ஒரு பெட்டியை இறக்கச் சொன்னேன். உதவியாளன் இறக்கி, கேபினுக்குள் தன் காலடியில் வைத்துக்கொண்டு, "இப்போது சரியா அண்ணா?" என்றான்.